மூளையின் ஆழத்தைப் பார்க்க எந்த அல்ட்ராசவுண்ட்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"என் மகளுக்கு 30 வாரத்திலேயே பிரசவமானதால் பேரன் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். படுக்கை அருகிலேயே கருவியைக் கொண்டுவந்து தலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளைக்குள் சில மில்லிமீட்டர் அளவில் ரத்தக்கசிவு இருக்கிறது, முதல் நிலைதான், கவலை வேண்டாம் என்றார்கள். இதற்கிடையில் என் கணவருக்கு, வயது 66, வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோயாக இருக்கலாம் என்று சந்தேகித்த நரம்பியல் மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி மகனோ, அங்கே அந்த நோயை அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கிறார்கள் என்கிறான். குழந்தையின் மூளையில் அவ்வளவு சிறிய கசிவைக் காட்டிய கருவி பெரியவரின் மூளையைக் காட்டாதா? ஆழத்தில் இருப்பதைப் பார்க்க இந்த முறைகளில் எது சிறந்தது? அவருக்கு வேறு நோய் ஏதும் இல்லை. இரண்டு ஆண்டுகளாகத் தலைச்சுற்றலுக்கு மட்டும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறார்."

அன்புள்ள அம்மா,

உங்கள் தம்பி மகன் சொன்னது உண்மை. உங்கள் நரம்பியல் மருத்துவர் எம்ஆர்ஐ கேட்டதும் சரியே. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மூளைக்கான அல்ட்ராசவுண்டில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒலி உள்ளே போவதற்கு மண்டையோட்டில் எந்த வழி இருக்கிறது, அந்த வழியாகப் பார்த்து எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்தால், முறை தானாகவே அமைந்துவிடும்.

உங்கள் பேரனுக்கு அந்த வழி இயற்கையாகவே திறந்திருக்கிறது. உச்சிக்குழியில் எலும்பு கிடையாது; தோலும் மெல்லிய சவ்வும்தான். ஆகவே அங்கே 7.5 மெகாஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் ஒலியைத் தாராளமாக அனுப்ப முடிகிறது. மூளைத் திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் செல்வதால் அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 0.2 மில்லிமீட்டர்தான் வருகிறது, அலைநீளம் குறையக் குறையப் படத்தின் நுணுக்கம் கூடுகிறது. குறைமாதக் குழந்தைகளில் ரத்தக்கசிவு பெரும்பாலும் தொடங்குவது, மூளையின் ஆழத்தில் காடேட் கரு, தாலமஸ் என்ற இரு நரம்பணுத் தொகுதிகளுக்கு இடையிலுள்ள ஒரு சிறு பள்ளத்தில். கருவில் புதிய நரம்பணுக்கள் பிறக்கும் திசுவின் எஞ்சிய பகுதி அங்கே இருக்கிறது. அதன் ரத்தநாளங்கள் மிக மெல்லியவை என்பதால், பிறந்த முதல் மூன்று நாட்களில் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அவை எளிதில் உடைகின்றன. கர்ப்பத்தின் 34-ஆவது வாரத்தை ஒட்டி அந்தத் திசுவே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அந்தப் பள்ளம் உச்சிக்குழிக்கு நேர் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், மூளையின் நடுப்பகுதி என்று நாம் நினைக்கும் இடம் அல்ட்ராசவுண்டுக்கு மிக வசதியான இடமாக அமைந்துவிடுகிறது. கசிவு அந்தத் திசுவோடு நின்றுவிட்டால் முதல் நிலை என்கிறோம். அறிக்கையில் வரும் நான்கு நிலைகளை 1978-இல் பபைல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் சிடி ஸ்கேன் படங்களை வைத்து வகுத்தார்கள். அல்ட்ராசவுண்டு அறிக்கைகளிலும் அதையே இன்றுவரை பயன்படுத்தி வருகிறோம்.

குழந்தைகளுக்கும் ஒரே வழி போதாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உச்சிக்குழியிலிருந்து பார்த்தால் தாலமஸும், காடேட் கருவை உள்ளடக்கிய பேசல் கேங்க்லியா என்ற தொகுதியும், வென்ட்ரிக்கிள் எனப்படும் நீர் அறைகளும் நன்றாகத் தெரிகின்றன. சிறுமூளையோ அங்கிருந்து மிகத் தொலைவில், இடையில் நிற்கும் தடித்த உறையின் எதிரொலிக்குக் கீழே மறைந்திருக்கிறது. சிறுமூளையில் ஏற்படும் சிறு கசிவுகளைத் தவறவிடாமல் இருக்க, காதுக்குப் பின்னாலுள்ள இன்னொரு திறப்பு வழியாகவும் பார்க்க வேண்டும். பேரனின் அறிக்கையில் அந்தத் திசையிலிருந்து பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், நாட்கணக்குப்படி பிரசவம் நிகழ்ந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டி எடுக்கப்படும் மறுபரிசோதனையின்போது அதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்கலாம். இந்த ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை. ஒலியின் ஆற்றலைத் தேவையான அளவுக்கு மேல் கூட்டாமல், வேண்டிய நேரத்துக்கு மட்டும் பார்க்கிறோம் என்பதால், மறுபடியும் எடுப்பதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

பெரியவருக்கு நிலைமை முற்றிலும் வேறு. எலும்புக்குள் ஒலி ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் செல்கிறது. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் அலை திசைமாறிச் சிதைகிறது. அதிர்வெண் கூடக்கூட எலும்பு அதை அதிகமாக விழுங்கிவிடுகிறது. ஆகவே குழந்தைக்குப் பயன்படும் 7.5 மெகாஹெர்ட்ஸ் இங்கே உதவாது. 2 முதல் 3.5 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கி வர வேண்டும். அதுவும் தலையின் எல்லா இடத்திலும் நடக்காது. காதுக்குச் சற்று முன்னால், கன்ன எலும்புக்கு மேலே, பொட்டில் எலும்பு மிக மெல்லியதாக இருக்கும் ஒரு சிறு பரப்பு வழியாக மட்டுமே முடியும். வயது ஏற ஏற அந்த எலும்பும் தடிக்கிறது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடம். ஐரோப்பிய மக்களைவிட ஆசிய மக்களிடம் இந்தச் சன்னல் மூடியிருப்பது அதிகம். அப்படிப்பட்டவரை எவ்வளவு விலை உயர்ந்த கருவியால் பார்த்தாலும் திரையில் சாம்பல் மூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. உங்கள் கணவர் ஆண் என்பதால் அவருக்குச் சன்னல் கிடைக்கும் வாய்ப்பு ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியான ப்ரோபை வைத்துப் பார்க்கும்வரை யாராலும் உறுதி சொல்ல முடியாது.

எலும்பு செய்யும் குழப்பத்துக்கு ஒரு பழைய சான்று உண்டு. ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் கார்ல் டுசிக் தலையின் ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்பி மறுபக்கத்தில் வாங்கி, மூளையின் நீர் அறைகளைப் படமாக எடுத்துவிட்டதாக 1942-இல் எழுதினார். மருத்துவப் படமெடுப்பில் அல்ட்ராசவுண்டு வந்த முதல் முயற்சி அதுவே. பத்தாண்டுக்குப் பின் மற்றவர்கள் சோதித்துப் பார்த்தபோது, அந்த உருவங்களில் பெரும்பகுதி மண்டையோட்டின் தடிமன் மாறுவதால் உண்டானவை என்று தெரியவந்தது. 1950-களின் நடுவில் ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் அதைவிட அடக்கமான ஒரு கேள்வியைக் கேட்டார்: மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாக விலகியிருக்கிறதா, இல்லையா? எதிரொலி திரும்பி வரும் நேரத்தை மட்டும் அளந்து அவர் அதற்குச் சரியான விடை பெற்றார். சிடி ஸ்கேன் வரும்வரை தலைக்காயத்தில் அந்த முறை நன்றாகவே பயன்பட்டது.

இனி உங்கள் தம்பி மகன் சொன்ன பரிசோதனைக்கு வருகிறேன். 1995-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் கேயார்க் பெக்கரும் அவரது குழுவினரும், பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதி வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரிவதைக் கண்டு வெளியிட்டார்கள். டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கும் இடம் அது. பார்க்கின்சன் நோயில் அழிவதும் அந்த அணுக்களே. சிடியிலும் சாதாரண எம்ஆர்ஐயிலும் தெரியாத ஒன்று அல்ட்ராசவுண்டில் தெரிகிறது என்பதைப் பலர் முதலில் நம்பவில்லை. பின்னர் பல நாடுகளில் அதே முடிவு மீண்டும் மீண்டும் வந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பளிச்சிடலுக்கு அங்கே இரும்புச்சத்து கூடுதலாகச் சேர்வது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

பரிசோதனை இப்படி நடக்கும். அறையின் விளக்கைக் குறைத்து, நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, இதயத்துக்கு எக்கோ எடுக்கப் பயன்படும் அதே வகை ப்ரோபில் ஜெல் தடவி, பொட்டில் அழுத்தி வைப்போம். ஆழத்தை 14 முதல் 16 சென்டிமீட்டர் என்று வைத்து, முதலில் எதிர்ப்பக்கத்து மண்டையோடு தெரிகிறதா என்று பார்ப்போம். அது தெரிந்தால்தான் சன்னல் திறந்திருக்கிறது என்று பொருள். பிறகு ப்ரோபை மயிரிழை அளவுக்குச் சாய்த்துக்கொண்டே வந்தால், பளிச்சென்ற சுற்றோரத்துக்கு நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் கருமையாக நடுமூளை தோன்றும். அதைப் பெரிதாக்கி, படத்தை உறையவைத்து, ப்ரோப் இருக்கும் பக்கத்துச் சிறகில் கீற்றாகத் தெரியும் பளிச்சிடலின் ஓரத்தைக் கர்சரால் சுற்றி வரைந்து பரப்பளவை அளப்போம். பிறகு மறு பொட்டில் வைத்து அந்தப் பக்கத்தையும் அளப்போம். பல ஆய்வகங்களில் 0.20 சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இயல்பு, 0.25-ஐ எட்டினால் தெளிவான மிகுதி என்று கொள்கிறார்கள். ஆனால் இந்த எல்லை கருவிக்குக் கருவி மாறும். அந்தந்த ஆய்வகம் தன் கருவியில் ஆரோக்கியமானவர்களைப் பார்த்துத் தன் எல்லையைத் தானே வகுத்திருக்க வேண்டும். ஒரு கருவியின் எல்லையை இன்னொரு கருவியின் அளவோடு ஒப்பிட்டு நோய் உண்டு, இல்லை என்று எழுதும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

ப்ரோபை மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்தால் மூன்றாவது வென்ட்ரிக்கிளும், அதன் இருபுறமும் தாலமஸும், எதிர்ப்பக்கத்தில் பேசல் கேங்க்லியாவின் ஒரு பகுதியான லென்டிஃபார்ம் கருவும் வரும். மூன்றாவது வென்ட்ரிக்கிளின் அகலம் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறு சில நோய்களில் நைக்ரா இயல்பாக இருந்து லென்டிஃபார்ம் கரு பளிச்சிடலாம். செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயிலும் அது பளிச்சிடும். ஆக, ஒரே அமர்வில் இரண்டு மூன்று தளங்களையும் பார்த்து எழுதிய அறிக்கையே முழுமையானது.

இந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பளிச்சிடல் இருக்கிறது; நோயே இல்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குப் பார்க்கின்சன் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஊரில் அந்த வயதினர் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுப்பதாகக் கணக்குப் போடுங்கள். நோயுள்ள 10 பேரில் 9 பேருக்குப் பளிச்சிடும். நோயற்ற 990 பேரில் 99 பேருக்கும் பளிச்சிடும். 108 பேருக்கு அறிக்கை மோசமாக வந்திருக்கும். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர்தான். எனவே இதை ஹெல்த் செக்கப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. ஒரு கை நடுங்குகிறது, அசைவு மந்தமாகிறது என்று மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்துச் சந்தேகித்தவரிடம் அதே பரிசோதனையைச் செய்தால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே அது நல்ல துணைச்சான்று. ஐரோப்பிய நரம்பியல் சங்கங்களின் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பார்க்கின்சனை ஒத்த பிற நோய்களிலிருந்து பிரித்தறிய இதைப் பரிந்துரைத்தது. ஆனாலும் இந்தப் பளிச்சிடல் நோய் முற்றுவதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போவதில்லை. ஆகவே மருந்து கேட்கிறதா, நோய் வளர்கிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் இந்த ஸ்கேனை எடுப்பது வீண் செலவு.

அப்படியானால் எம்ஆர்ஐ எதற்கு? பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மருத்துவருக்கும் அது தெரியும். அவர் அதைக் கேட்பது சிறு பக்கவாதங்கள், நீர் அறைகளின் வீக்கம், கட்டி போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்காக. பொட்டுச் சன்னல் வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டால் மூளை முழுவதையும் துருவிப் பார்க்க முடியாது. பக்கவாட்டில் அதன் நுணுக்கம் 3 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. 3 டெஸ்லா காந்த வலிமை கொண்ட எம்ஆர்ஐயில் இரும்பை உணரும் சிறப்புப் படமெடுப்பு முறையைச் சேர்த்து எடுத்தால் நைக்ராவையே நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. அதற்குப் பிறகும் ஐயம் நீடித்தால், டோபமைன் நரம்பு முனைகளின் அளவைக் காட்டும் ட்ரோடாட் என்ற அணு மருத்துவ ஸ்கேன் நம் நாட்டில் பல பெரிய ஊர்களில் கிடைக்கிறது. நடுக்கம் பார்க்கின்சனாலா, பரம்பரையாக வரும் சாதாரண நடுக்கமா என்ற கேள்விக்கு அதுவே அல்ட்ராசவுண்டைவிட உறுதியான விடை தரும்; ஆனால் செலவு அதிகம், சிறிதளவு கதிர்வீச்சும் உண்டு.

அல்ட்ராசவுண்டின் மற்ற வகைகள் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பயன்படா என்றாலும், பெயர் குழப்பக்கூடும் என்பதால் சொல்கிறேன். 1982-இல் நார்வேயின் ரூனே ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் அதே பொட்டு வழியாகத்தான் போகிறது. ஆனால் அது ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பது, திசுவைக் காட்டுவது அல்ல. நம் ஊர் ஸ்கேன் சென்டரில் மூளைக்கு டாப்ளர் என்றால் பெரும்பாலும் இதையே எடுப்பார்கள். அந்த ரசீதோடு நைக்ராவின் பரப்பளவை எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பரிசோதனை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அறுவை அரங்கில் எலும்பைத் திறந்தபின் மூளைமேல் நேரடியாக வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இன்னொரு வகை. தடையாக எலும்பு இல்லாததால் உயர் அதிர்வெண் மீண்டும் கைகொடுக்கிறது, கட்டியின் ஓரம் கண்முன் நகர்வதைப் பார்த்துக்கொண்டே அறுக்க முடிகிறது.

பாரிஸில் மிக்கேல் டான்டரின் குழு நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் அதிவேக முறையைக் கொண்டு, மூளை வேலை செய்யும்போது ரத்த ஓட்டம் மாறுவதை 2011-இல் எலிகளிலும், பின்னர் 2017-இல் உச்சிக்குழி வழியாகப் பச்சிளங்குழந்தைகளிலும் காட்டியது. ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி ஒவ்வொரு குமிழியாகப் பின்தொடர்ந்து, பெரியவர்களின் மண்டையோடு வழியாகவே மூளையின் ஆழத்து நுண்நாளங்களை 2021-இல் வரைந்து காட்டியிருக்கிறார்கள். எலும்பின் தடையை இவ்வளவு தூரம் தாண்டிய வேறெந்த அல்ட்ராசவுண்டையும் நான் கண்டதில்லை. எனினும் இவை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. உங்கள் கணவருக்கு இன்று உதவாது. நடுக்கத்துக்கு அல்ட்ராசவுண்டு சிகிச்சை என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அது வேறு: 1024 ஒலிமூலங்களின் அலைகளைத் தாலமஸின் ஒரு புள்ளியில் குவித்துச் சுடும் முறை, அமெரிக்காவில் சாதாரண நடுக்கத்துக்கு 2016-இல் அனுமதி பெற்றது. அங்கும் இலக்கைக் கண்டு வழிகாட்டுவது எம்ஆர்ஐ.

இப்போது உங்கள் கணவரைப் பற்றி. கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் தலைச்சுற்றல் மாத்திரையே எனக்கு இந்தப் படங்கள் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. தலைச்சுற்றலுக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாகத் தரப்படும் சின்னரிசின், ஃப்ளுனரிசின், புரோகுளோர்பெரசின் ஆகியவற்றில் ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டால், குறிப்பாக முதியவர்களுக்கு, பார்க்கின்சன் நோயைப் போலவே கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். அட்டையின் பின்புறத்தில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள். அது இவற்றுள் ஒன்றாக இருந்தால், நீங்களாக நிறுத்திவிடாமல், அட்டையையே கையில் எடுத்துக்கொண்டு எம்ஆர்ஐக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மருந்தால் வந்த நடுக்கம் மருந்தை நிறுத்தியபின் மறைய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் நடுமூளை அல்ட்ராசவுண்டு நன்றாகக் கைகொடுக்கும்: மருந்தால் மட்டும் வந்ததென்றால் நைக்ரா பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், பளிச்சிட்டால், மறைந்திருந்த நோயை மருந்து வெளிக்கொணர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் கூடுதலாகக் கண்காணிப்பார்.

நரம்பியல் மருத்துவர் அந்த ஸ்கேனை எழுதிக்கொடுத்தால், வயிற்று ஸ்கேனும் டாப்ளரும் மட்டும் எடுப்பவரிடம் போகாமல், நடுமூளையைப் பார்ப்பதில் பயிற்சி பெற்றவர் இருக்கும் நரம்பியல் மையத்துக்குப் போங்கள். அறிக்கையில் இருபக்கச் சன்னலின் தரம், இருபக்க நைக்ராவின் பரப்பளவு, அந்த ஆய்வகம் தன் கருவிக்கு வகுத்திருக்கும் எல்லை, மூன்றாவது வென்ட்ரிக்கிளின் அகலம், லென்டிஃபார்ம் கருவின் நிலை ஆகியவை இருக்க வேண்டும். சன்னல் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் அதுவும் நேர்மையான முடிவே. அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, வேறு மையத்தில் மறுபடி எடுக்கவும் அவசரப்பட வேண்டாம்.